சம்மாட்டியும் சங்கமும்: கொக்கிளாய்க் கரையிலிருந்து ஒரு நிர்வாக வரலாறு

பலர் கூடிச் செய்யும் தொழில் எதற்கும் தலைவன் ஒருவன் வேண்டும் என்பது எவரும் அறிந்ததே. அத்தலைவன் எவ்வாறு தோன்றுகின்றான், அவன் சொல்லைப் பிறர் ஏன் கேட்கின்றனர், கேளாதொழியும் காலம் எப்பொழுது வருகின்றது என்னும் வினாக்களே கடினமானவை. முகாமைத்துவம் என்னும் பெயரால் இக்காலத்தில் ஒரு தனிச் சாத்திரம் வளர்ந்துள்ளது. பல்கலைக்கழகங்களில் அது பட்டப்படிப்புக்குரிய பாடமாகவும் விளங்குகின்றது. அச்சாத்திர நூல்களை எடுத்து நோக்குவோர், அவற்றிற் காணப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் மேனாட்டு இரும்பாலை, தொலைபேசிக் கம்பனி, மோட்டார் வண்டித் தொழிற்சாலை என்பனவற்றிலிருந்தே எடுக்கப்பட்டிருத்தலைக் காண்பர். ஆலைகள் நம் நாட்டிற் பெருகுமுன்னரே, நாற்பது ஐம்பது பேர் ஒருங்கு சேர்ந்து, முதலீடு, பங்கு, நட்டம், ஒழுங்கு என்பன யாவும் அமைந்த தொழில் நிறுவனங்களைக் கடற்கரையில் நடாத்தி வந்தனர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். கரைவலை அத்தகையதொரு நிறுவனம். அதன் தலைமை முறையையும், அதற்கு மாற்றாக எழுந்த ஐக்கிய சங்கங்களின் தலைமை முறையையும், முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள கொக்கிளாய்க் கரையை நிலைக்களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொக்கிளாய் ஒருபுறம் வங்கக் கடலும் மற்றொருபுறம் களப்பும் அமைந்த ஊர். களப்பின் முகத்துவாரத்தைக் கடந்தால் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைப் பகுதி. களப்பு 1951 ஆம் ஆண்டிலே பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பறவைகளைத் தேடி வருவோர்க்கு அஃது ஒரு காட்சி. ஊரவர்க்கோ அஃது இறாலும் மீனும் விளையும் வயல். மாரியில் வாடைக்காற்று வீசுங் காலத்தில் இக்கரையிற் கடல் கொந்தளித்துத் தொழிலைத் தடுக்கும். ஏறக்குறையச் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையுள்ள மாதங்களே கரைவலைக்குரிய காலம். மேற்குக் கரையின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே கடல் கொந்தளிக்கும்போது இங்கே அமைதி. இங்கே கொந்தளிக்கும்போது அங்கே அமைதி. ஆதலின் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் பருவந்தோறும் கிழக்குக் கரைக்கு வந்து, வாடி அமைத்துத் தங்கித் தொழில்செய்து மீள்வது நெடுங்கால வழக்காயிற்று. காற்றே அவர்தம் நாட்காட்டி. இச்செய்தி பின்னர் நமக்கு வேண்டப்படும்.

இனி வலையைப் பார்ப்போம். கரைவலை நடுவே பை போன்ற மடியும், அதன் இருமருங்கும் நீண்ட கைகளும், கைகளின் நுனியிற் பிணைத்த நெடுங் கயிறுகளும் உடையது. ஒரு கயிற்றின் நுனியைக் கரையிலே விட்டு, வள்ளம் கடலினுட் சென்று வலையை அரைவட்டமாக இட்டு, மற்றக் கயிற்றின் நுனியைத் தொலைவிலே கரைசேர்க்கும். அதன்பின் இரண்டு அணியினராக நின்று இழுப்பர். இழுக்க இழுக்க இரண்டு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கி வருதல் வேண்டும். ஓர் அணி விரைந்தும் மற்றது தளர்ந்தும் இழுக்குமாயின் மடி கோணும்; மீன் தப்பும். வலை கரைக்கு வர மணிக்கணக்காகும். இடையில் ஒருவன் கயிற்றை விட்டுவிட்டு நிழலுக்குப் போதல் எளிது. ஆயின் அவன் போனதை அணியிலுள்ள அனைவரும் காண்பர். மேற்பார்வையாளன் ஒருவனை வைத்துக் காக்கவேண்டிய ஒழுங்கைக் கயிறே காத்துக்கொள்ளும் அமைப்பு இது.

இந்நிறுவனத்திலே தலைமை ஒருவர் கையில் இருக்கவில்லை என்பதே கவனிக்கற்பாலது. வலையும் வள்ளமும் சம்மாட்டிக்குரியன. முதலிடுபவரும் முற்பணம் கொடுப்பவரும் அவரே. ஆயின் வலையை எப்பொழுது இடுவது, எங்கே இடுவது, இன்று இடுவதா விடுவதா என்பவற்றைத் தீர்மானிப்பவர் மண்டாடி. நீரின் நிறமாற்றம், பறவைகளின் வட்டம், நீரோட்டத்தின் போக்கு என்பவற்றை நோக்கி மீன் கூட்டத்தை அறிபவர் அவர். சிங்களக் கரையோரங்களில் மன்னாடிராள எனப்படுபவரும் இவரே. சொல்லும் பதவியும் ஒன்றெனவே தோன்றுகின்றது. வலையின் உடைமையாளர் தாமே கரையில் நின்றாலும், வலை கடலில் இருக்கும்வரை மண்டாடியின் குரலே அங்கே ஆணை. வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓரதிகாரம் வகுத்தது அரசர்க்காக; இங்கே அது மணற்றரையில் நடைமுறையாகக் காணப்படுகின்றது.

அமெரிக்க அறிஞராகிய மேரி பாக்கர் பொலெற் என்பார் (1868–1933), கட்டளை என்பது ஒருவர் மற்றவருக்கு இடுவதாக இருத்தல் ஆகாது. இருவரும் தம்முன் உள்ள நிலைமையை ஆராய்ந்து, அந்நிலைமை இடும் கட்டளைக்கு இருவருமே பணிதல் வேண்டும் என்று 1920 களிலே விரிவுரை செய்தார். நியூ ஜேர்சித் தொலைபேசிக் கம்பனியின் தலைவராயிருந்த செஸ்ரர் பார்னாட் 1938 இல் வெளியிட்ட நூலிலே, அதிகாரம் ஆணையிடுபவனிடத்தில் இல்லை, அதனை ஏற்றுக்கொள்பவனிடத்திலேயே உள்ளது என்று காட்டினார். இவ்விருவர் கருத்தும் அக்காலத்து ஆலை முதலாளிகளுக்குப் புதுமையாகத் தோன்றியிருக்கலாம். மண்டாடியின் சொல்லை இழுப்போர் ஏற்பது அவர் சம்மாட்டியின் ஆள் என்பதற்காக அன்று. கடல் சொல்வதை அவர் சரியாகக் கேட்கின்றார் என்பதற்காகவே. பலநாள் வலை வெறுமையாக வந்தால் அந்நம்பிக்கை குறையும். வேறொரு மண்டாடியின் பெயர் வாடிகளில் அடிபடத் தொடங்கும்.

கணக்கு முறையும் அவ்வாறே வெளிப்படையானது. பிடிபட்ட மீன் எல்லோர் கண்முன்னும் மணலிற் கொட்டப்படும். நெத்தலியா சூடையா பாரையா என்பதும், எத்துணை என்பதும், வியாபாரி கேட்ட விலையும் மறைக்க முடியாதன. செலவு கழித்து, வலைக்கும் வள்ளத்துக்கும் உரிய பெரும்பங்கைச் சம்மாட்டி எடுக்க, எஞ்சியது இழுத்தோர்க்குப் பகிரப்படும். மண்டாடிக்குத் தனியொரு மேற்பங்கு உண்டு. பங்கின் அளவு கரைக்குக் கரை வேறுபடும். நட்டமும் இம்முறையிலே பகிரப்பட்டது என்பதை மறத்தலாகாது. மீன் இல்லாத நாளில் கூலியும் இல்லை.

இத்துணையும் கூறியதால் இக்கட்டுரையாசிரியன் பழைய முறையைப் பொற்காலமாகக் காட்டுகின்றான் என எண்ணற்க. மாரி மாதங்களிலே தொழில் இல்லாத குடும்பம் அரிசிக்கும் சீலைக்கும் சம்மாட்டியையே நாடவேண்டும். திருமணம், மரணம், மருந்து யாவற்றுக்கும் முற்பணம். கடன் தீராதவரை வேறு வலைக்குப் போகும் உரிமை இல்லை. போவதாயின் புதிய சம்மாட்டி பழைய கடனைத் தீர்த்தல் வேண்டும். வட்டி என்ற பெயரில் எதுவும் எழுதப்படாதிருக்கலாம். பங்கிலே அது கழிந்துவிடும். கண்முன் நடக்கும் மீன் கணக்கிலே எல்லோரும் சாட்சி. சம்மாட்டியின் கொப்பியிலுள்ள கடன் கணக்குக்கோ சாட்சி இல்லை. எழுத்தறியாத தந்தையின் கடனை எழுத்தறிந்த மகன் வினவத் தொடங்கிய காலத்திலேதான் இம்முறைக்கு முதல் அதிர்ச்சி ஏற்பட்டது என்பது எமது கருத்து. பள்ளிக்கூடத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டென்று சொல்லிக்கொள்ள ஆசிரியர்க்கு உரிமை உண்டு.

இக்கடனை அறுக்கும் வாளாகவே ஐக்கிய இயக்கம் நமது நாட்டுக்கு வந்தது. 1844 இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் தொடங்கிய கடையும், ஜெர்மனியின் கிராமங்களிலே றெய்ப்பெய்சன் அமைத்த நாணய சங்கங்களும் இதன் மூலங்கள். இலங்கையிலே ஐக்கிய நாணய சங்கங்களுக்குரிய கட்டளைச் சட்டம் 1911 இல் நிறைவேறிற்று. பிரெடெரிக் ரெயிலர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் விஞ்ஞான முகாமை பற்றிய தமது நூலை வெளியிட்டதும் அதே 1911 இலேதான். ஒன்று, தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரங் கொண்டு அளந்து மேலிருந்து ஆள்வது. மற்றையது, தொழிலாளிகளே கூடித் தம்மை ஆள்வது. இரண்டு எதிர்மாறான கோட்பாடுகள் ஓராண்டிலே ஏட்டில் ஏறியமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

றெய்ப்பெய்சன் வகுத்த சங்கம் சிறிய எல்லையை உடையது. ஒருவர் கடனுக்கு எல்லோரும் வரையறையின்றிப் பொறுப்பாளிகள். ஆதலின் ஒருவரையொருவர் அறிந்த ஊரவரே அதில் அங்கத்தவராகலாம். யார் கடனைத் திருப்புவார், யார் திருப்பார் என்பதை அறிய விண்ணப்பப் பத்திரம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே இவ்வியக்கம் வேரூன்றியமைக்கு 1929 இல் தோன்றிய மாகாண ஐக்கிய வங்கியும், 1930 களில் எழுந்த மூளாய் ஐக்கிய வைத்தியசாலையும் சான்று. மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்த வீரசிங்கம் அவர்கள் போன்ற ஆசிரியர்கள் இவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றனர். கணக்கெழுதவும் கூட்டம் நடாத்தவும் அறிந்த ஆசிரியர் இருந்த ஊரிலே சங்கம் நிலைத்தது. இல்லாத ஊரிலே பெயர்ப்பலகையோடு நின்றது. வன்னிப் பெருநிலத்திலே ஊர்கள் சிலவாயும் சிதறியும் இருந்தமையால் இக்குறை மிகுதி.

1942 ஆம் ஆண்டு இயக்கத்தின் இயல்பையே மாற்றியது. யப்பானியர் பர்மாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு உணவை ஒழுங்காகக் கொடுக்க அரசாங்கம் ஊர்தோறும் ஐக்கிய பண்டகசாலைகளைத் தோற்றுவித்தது. சில ஆண்டுகளுள் அவற்றின் தொகை 4,000 அளவை எட்டிற்று. சேமிப்பதற்காகவன்றி அரிசி பெறுவதற்காக மக்கள் அங்கத்தவராயினர். இது வளர்ச்சியே, ஆயின் கீழிருந்து முளைத்த வளர்ச்சி அன்று, மேலிருந்து ஊற்றிய வளர்ச்சி. 1957 இல் அமைச்சர் பிலிப் குணவர்த்தனா பலநோக்குச் சங்கங்களைத் தொடக்கி, கடன், கடை, விளைபொருட் சந்தை யாவற்றையும் ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்தார்.

இவற்றின் குறைகளை ஆராயவே கனடா நாட்டவராகிய லெயிட்லோ அவர்களின் தலைமையில் ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டு, 1970 இல் அறிக்கை தந்தது. சங்கங்கள் மிகச் சிறியன. தகுதியுடைய முகாமையாளரையோ கணக்காளரையோ வேலைக்கமர்த்தும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. ஆதலின் அவற்றை இணைத்துப் பெரிதாக்குக என்பதே அதன் முதன்மையான ஆலோசனை. அதில் உண்மை இருந்தது என்பதை மறுத்தல் இயலாது. ஊதியமில்லாக் காரியதரிசி இரவு விளக்கொளியில் எழுதும் கணக்கு எத்தகையதாயிருக்கும் என்பதைச் சங்கங்களிற் பொறுப்பு வகித்தோர் அறிவர். 1971 இல் அரசாங்கம் 5,000 க்கு மேற்பட்ட சங்கங்களை ஒன்றிணைத்து 372 பெருஞ் சங்கங்களாக ஆக்கியது. பழைய சங்கங்கள் கிளைகளாயின. அங்கத்தவர் கிளைக் குழுவைத் தெரிவர். கிளைப் பிரதிநிதிகள் பொதுச்சபையில் அமர்வர். மேலே பணிப்பாளர் சபை. அதிலே அரசினால் நியமிக்கப்பட்டோரும் இடம்பெற்றனர்.

இதன் பயன் யாது? முகாமையாளர் கிடைத்தார், லொறி கிடைத்தது, கணக்குப் புத்தகம் ஒழுங்காயிற்று. ஆயின் சங்கத்தின் தலைவர் எந்த ஊரவர் என்பதை அங்கத்தவர் பலர் அறியாராயினர். கடன் கேட்பவனின் குணத்தை அறிந்தவன் கிளையிலே இருந்தான். கடன் கொடுக்கும் அதிகாரமுடையவன் தலைமைக் காரியாலயத்தில் இருந்தான். அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் மற்றோரிடத்திலுமாகப் பிரிந்தமையே இந்நிறுவனங்களின் நோய் என்பது எமது துணிபு. கரைவலையிலும் உடைமை வேறு, அறிவு வேறு என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஆணை அறிவின் பக்கம் நின்றது. இங்கே ஆணை கோப்புகளின் பக்கம் நின்றது. அத்துடன், நியமனம் பெற்ற பணிப்பாளர் ஆட்சி மாறுந்தோறும் மாறும் இயல்பினராயினர். 1979 இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்ததும் பண்டகசாலைகளின் பழைய தேவையும் சுருங்கிற்று.

கடற்றொழிலாளர் சங்கங்களின் கதை இன்னும் நுட்பமானது. 1950 களின் பிற்பகுதி முதல் இயந்திரப் படகுகளும் நைலோன் வலைகளும் பரவலாயின. 1964 இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. சங்கங்கள் படகுக்கும் வலைக்கும் கடன் வழங்கின. தவணைப்பணம் பல இடங்களிலே நிலுவையாயிற்று. உத்தியோகத்தர் இதனைத் தொழிலாளியின் பொறுப்பின்மை என்றனர். அவ்வாறு கொள்வது அரைகுறை ஆராய்ச்சியாகும். சங்கம் கொடுத்தது படகுக்கான கடன். வீட்டிலோ மாரிகாலப் பட்டினிக்கும் மகளின் திருமணத்துக்கும் கடன் தேவை. அதனை எந்த விதியும் அனுமதிக்கவில்லை. வியாபாரி அனுமதித்தான். நள்ளிரவிற் கதவைத் தட்டினாலும் பணம் தந்தான். பதிலுக்கு மீனைத் தனக்கே தரவேண்டும் என்றான். மீன் வியாபாரியிடம் போகச் சங்கத்தின் மூலம் விற்பனை குறைந்தது. விற்பனை குறையத் தவணை வெட்ட இடமில்லாது போயிற்று. சம்மாட்டியின் கொடுமையை ஒழிக்க வந்த சங்கம், சம்மாட்டி செய்த காவலை யார் செய்வார் என்பதை எண்ணாது விட்டமையின் விளைவு இது.

கரைவலைப் பாடுகளின் செய்தியும் ஈண்டு சேர்த்து நோக்கற்பாலது. பாடு என்பது கரையில் வலையிடுதற்குரிய இடமும் உரிமையும் ஆம். வலைகள் மிகுந்து கரை சுருங்கிய இடங்களிலே முறைவைத்து இடுவது வழக்கம். தென்னிலங்கையின் மாவெல்ல என்னும் கிராமத்தை ஆராய்ந்த போல் அலெக்சாந்தர் என்னும் மானிடவியலாளர், வலைப்பங்குகள் பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து வலைகள் பெருக, ஒவ்வொரு வலையின் முறையும் அருகி, எல்லோரும் நட்டமடைந்ததை எடுத்துக் காட்டினார். வலைகளின் தொகையைக் கட்டுப்படுத்தும் விதி இருந்தது. அரசியற் செல்வாக்கினால் அது செயற்படாது போயிற்று. 2009 இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ரொம் அம்மையார் 1990 இல் வெளியிட்ட நூலிலே, உலகெங்குமுள்ள பொதுவுடைமை வளங்களின் நிர்வாகத்தை ஆராய்கையில் இம்மாவெல்லவையும் தோல்வியுற்ற உதாரணங்களுள் ஒன்றாக எடுத்தாண்டார். ஊரவர் தமக்கென வகுத்த முறையை வெளியதிகாரம் மதியாதவிடத்து அம்முறை நிலைப்பதில்லை என்பது அவர் ஆராய்ச்சி முடிபுகளுள் ஒன்று.

அம்முடிபு கொக்கிளாய்க்குப் பொருந்துவதுபோல் வேறிடங்களுக்குப் பொருந்துமோ என்பது ஐயம். 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய ஊர்களின் மக்கள் வன்செயலினால் ஊரைவிட்டு நீங்கினர். ஓராண்டன்று, ஈராண்டன்று, ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம். சங்கம் அங்கத்தவரையும் கணக்கையும் உடையது. அங்கத்தவர் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் சிதறியபோது எஞ்சுவது யாது? ஒன்று கூறல் வேண்டும். போர்க்கால வன்னியிலே அரசு அனுப்பிய உலர் உணவைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தவை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களே. மேலிருந்து ஊற்றியது என்று நாம் முன்னர்க் குறைகூறிய அதே அமைப்பு, பெயர்ப்பட்டியலும் நிறைகோலும் உடையதாயிருந்தமையால் இடர்க்காலத்தில் உதவிற்று. நிறுவனம் ஒன்றை மதிப்பிடுவோர் அதன் நல்ல நாட்களை மட்டும் நோக்கின் தவறிழைப்பர்.

2009 இல் போர் முடிந்தபின் மக்கள் படிப்படியாகத் திரும்பினர். திரும்பியபோது பாடுகள் வெறுமையாக இருக்கவில்லை. பருவந்தோறும் வந்து மீண்ட தென்பகுதித் தொழிலாளருட் சிலர் அங்கே நிலைத்திருந்தனர். அவர் கையில் திணைக்களத்து உரிமப் பத்திரம் இருந்தது. ஊரவர் கையிலோ, இந்தப் பாடு என் பாட்டனது என்னும் நினைவும், சிலரிடம் நீரில் நனைந்தும் நெருப்பில் எரிந்தும் எஞ்சிய பழைய கடதாசிகளும் இருந்தன. ஜெர்மனிய அறிஞர் மாக்ஸ் வெபர், அதிகாரத்தை மரபு வழியது, ஆளுமை வழியது, சட்டம் வழியது என மூவகையாகப் பிரித்தார்; மரபு வழியது மெல்லச் சட்டம் வழியதற்கு இடங்கொடுக்கும் என்பது நவீன உலகின் போக்கைப் பற்றிய அவர் கணிப்பு. இங்கே அஃது இடங்கொடுக்கவில்லை. ஊரில் இல்லாத காலத்தில் இடம் பறிபோயிற்று. அந்தப் பாட்டின் எல்லையை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்து, வரைபடமிட்டு, உரிய அதிகாரிகள் முன் வைக்கும் பணி யாருடையது? சம்மாட்டி தமது பாட்டுக்காக மட்டுமே பேசுவார். முகாமையாளருக்கு அதற்கு விதியில்லை. கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர், காரியதரிசி, தனாதிகாரி என்னும் மூவரே அதைச் செய்ய வல்லார். அவர்களோ விடிகாலையிற் கடலுக்குப் போய் மாலையிற் கடிதம் எழுதுவோர்.

இதனிடையே கரையிலே வேறொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச் கொண்டு கரைவலையை இழுக்கும் முறை நாட்டின் பல கரைகளிற் பரவி, கடலடித் தரையைக் கெடுக்கின்றதென்றும், இழுப்போரின் பிழைப்பைக் கெடுக்கின்றதென்றும் பெருஞ் சர்ச்சைக்கு உள்ளாகியது. நாற்பது பேர் நின்ற இடத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் நின்றால் போதும். இயந்திரத்துக்கு முற்பணம் வேண்டியதில்லை என்பது சம்மாட்டியின் கணக்கு. இழுப்போர் இப்பொழுது கிடைப்பதரிது, இளைஞர் கயிறு பிடிக்க வருவதில்லை என்பதும் அவர் கூறும் நியாயம்; அது பொய்யன்று. மண்டாடி மட்டும் இன்னமும் கரையிலே நின்று நீரின் நிறத்தை நோக்குகின்றார். அவர் கை அசைத்ததும் முன்பு இருமருங்கும் கயிறுகள் இறுகும். இப்பொழுது அந்தச் சைகையைக் காண்பவர் இயந்திரத்தின் இருக்கையில் அமர்ந்திருக்கும் சாரதி ஒருவரே.